சின்ன மின்சாரம், பெரிய மோட்டார்

மாடியில் தண்ணீர்த் தொட்டி. கீழே மோட்டார். தொட்டி எப்போதோ நிரம்பிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் சுவரில் வழிகிறது. தெருவில் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் இருந்து குரல் வருகிறது. "மோட்டாரை நிறுத்துங்க! தண்ணி எல்லாம் போகுதே!"

திருவனந்தபுரத்தில் இந்தக் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. இந்த நகரத்துக்குக் குடிநீர் கரமனை ஆற்றில் இருந்து வருகிறது. அருவிக்கரை என்ற இடத்தில் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் அனுப்புகிறார்கள். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், 1933-ல் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு நகரம் பெருகியது. ஆற்றின் மேல்பக்கம் பேப்பாறையில் ஓர் அணை வந்தது. 1983 முதல் அந்த அணையும் நகரத்துக்குத் தண்ணீர் தருகிறது.

நம் ஊர் மேடும் பள்ளமுமான ஊர். மேட்டு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். பல வீடுகளில் கிணறும் உண்டு. அதனால் கிணற்றில் இருந்தோ, தரைத் தொட்டியில் இருந்தோ மாடிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார் வேண்டும். 1 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் செலவாகும். தொட்டி வழியும்போது தண்ணீரும் வீண், மின்சாரமும் வீண்.

தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாகவே நின்றால் எப்படி இருக்கும்?

அதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கடைகளில் விற்கிறார்கள். மின்னணு வேலையில் ஆர்வம் உள்ள பிள்ளைகள் வீட்டிலேயே செய்தும் வைக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ மகளோ இதைச் செய்யத் தொடங்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதில் உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது.

முதலில் ரிலே

அந்தப் பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பொருள் இருக்கும். நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். அதன் பெயர் ரிலே.

ரிலேக்குள் ஓர் இரும்புத் துண்டு. அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. ஆயிரக்கணக்கான சுற்றுகள். கம்பியில் மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகிவிடும். மின்சாரம் நின்றால் காந்தமும் போய்விடும். காந்தம் ஆகும்போது அது பக்கத்தில் உள்ள ஒரு சிறிய தகட்டை இழுக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தத் தகடு ஒரு சுவிட்சைத் தள்ளும். அவ்வளவுதான் ரிலே. நாம் கையால் போடும் சுவிட்சைக் காந்தம் போடுகிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஓர் இரும்பு ஆணி எடுங்கள். பழைய மோட்டாரில் இருந்து எடுத்த மெல்லிய செம்புக் கம்பியை அதன்மேல் 50 சுற்று சுற்றுங்கள். கம்பியின் இரண்டு முனைகளையும் நன்றாகச் சுரண்டுங்கள். ஒரு டார்ச் செல்லின் இரண்டு பக்கமும் தொடுங்கள். ஆணி குண்டூசிகளை இழுக்கும். கம்பியை எடுத்ததும் ஊசிகள் விழும். சில நொடிகள் மட்டும் தொடுங்கள். இல்லாவிட்டால் கம்பி சுடும். இதற்கு டார்ச் செல் மட்டும்தான். வீட்டுச் சுவிட்ச் பக்கமே போகக் கூடாது.

ரிலே என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. திருவிதாங்கூரில் அந்தக் காலத்தில் தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். அஞ்சல்காரர் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கையில் மணி கட்டிய கோல் இருக்கும். மணிச் சத்தம் கேட்டால் மக்கள் வழி விடுவார்கள். ஒருவரே கடைசி வரை ஓட முடியாது. அவர் களைத்துப் போகும் இடத்தில் இன்னொருவர் காத்திருப்பார். பை கை மாறும். புதிய ஆள், புதிய பலம். ஆனால் பைக்குள் இருக்கும் செய்தி அதேதான். அந்த அஞ்சல் 1951-ல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இப்படிக் கை மாற்றிக் கொடுப்பதற்குத்தான் ரிலே என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் தந்தி வந்தது. தந்திக் கம்பி நீளமாகப் போகப் போக மின்சாரம் மெலிந்துவிடும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி முதலானவர்கள் மின்காந்தத்தை வைத்து இதற்கு வழி கண்டார்கள். மெலிந்து வரும் மின்சாரம் காந்தத்தை இயக்கும். காந்தம் ஒரு சுவிட்சைப் போடும். அந்தச் சுவிட்ச் புதிய பேட்டரியில் இருந்து புதிய மின்சாரத்தை அடுத்த கம்பியில் அனுப்பும். அஞ்சல்காரர் பை மாற்றுவதைப் போலவேதான். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நின்றுபோனது. ரிலே நிற்கவில்லை. வோல்டேஜ் ஸ்டெபிலைசரில் 'டிக் டிக்' என்று கேட்கிறதே, அதுவும் ரிலேதான்.

தண்ணீர் ரிலேயை இயக்குமா?

தொட்டியின் மேல்பக்கம் ஒரு கம்பியைத் தொங்க விடுகிறோம். அடியில் இன்னொரு கம்பி. தண்ணீர் ஏறி மேல்கம்பியைத் தொட்டதும் இரண்டு கம்பிகளுக்கும் இடையே தண்ணீர் வழியாக மின்சாரம் ஓடும். கிணற்றுத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதனால்தான் அதில் மின்சாரம் ஓடுகிறது. மழைத் தண்ணீரில் உப்பு குறைவு. அதில் மின்சாரமும் குறைவாகவே ஓடும்.

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை ஆம்பியர் என்ற அளவால் சொல்கிறோம். 1 ஆம்பியரில் 1000 மில்லி ஆம்பியர். தண்ணீர் வழியாக வருவது 1 மில்லி ஆம்பியர்கூட இருக்காது. 0.3 என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் ரிலே ஒன்று தகட்டை இழுக்க ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் வேண்டும். 1 குதிரைத்திறன் மோட்டாருக்கோ ஏறக்குறைய 6 ஆம்பியர், அதாவது 6000 மில்லி ஆம்பியர் வேண்டும்.

தண்ணீரில் வரும் மின்சாரம் ரிலேக்கு வேண்டியதில் நூறில் ஒரு பங்குதான். அதால் தகட்டை அசைக்க முடியாது. நடுவில் இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டிரான்சிஸ்டர்.

நம் வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவையே டிரான்சிஸ்டர் என்று சொல்வார்கள். உண்மையில் அது ரேடியோவுக்குள் இருந்த ஒரு சிறு பொருளின் பெயர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தது. ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன், வில்லியம் ஷாக்லி மூவருக்கும் அதற்காக 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நகரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1973-ல் கேரள அரசு இங்கே கெல்ட்ரான் நிறுவனத்தைத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு மாநில அரசு மின்னணுத் தொழிலுக்கென்றே தொடங்கிய முதல் நிறுவனம் அது.

டிரான்சிஸ்டர் கடலை அளவுதான் இருக்கும். மூன்று கால்கள். அதைத் தண்ணீர்க் குழாய் போல நினைத்துப் பாருங்கள். விரலால் குழாயைத் திருகுகிறோம். விரலுக்கு அதிக பலம் வேண்டாம். ஆனால் குழாயில் கொட்டும் தண்ணீர் வாளியை நிரப்புகிறது. அந்தத் தண்ணீரை விரல் தரவில்லை. அது தொட்டியில் இருந்து வருகிறது. விரல் வழியைத் திறந்து விடுகிறது. டிரான்சிஸ்டரில் பேஸ் என்ற கால்தான் திருகும் இடம். அதில் கொஞ்சம் மின்சாரம் விட்டால் போதும். கலெக்டர் என்ற காலில் இருந்து எமிட்டர் என்ற காலுக்கு நூறு மடங்கு மின்சாரம் ஓடும்.

பி.சி. 547 என்ற டிரான்சிஸ்டரைப் பிள்ளைகள் அதிகம் வாங்குகிறார்கள். தட்டையான பக்கத்தை நம்மைப் பார்த்து வைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். இந்தப் பெட்டிக்கு இரண்டு டிரான்சிஸ்டர் வைப்பது நல்லது. முதலாவது இரண்டாவதைத் திறக்கும். இரண்டாவது ரிலேயைத் திறக்கும். தண்ணீர் எவ்வளவு மெலிந்த செய்தி அனுப்பினாலும் அது போய்ச் சேரும்.

சரி, டிரான்சிஸ்டரே மோட்டாரை ஓட்டக் கூடாதா? பி.சி. 547 தாங்குவது 100 மில்லி ஆம்பியர், 45 வோல்ட். மோட்டாருக்கு 6000 மில்லி ஆம்பியர், 230 வோல்ட். கண் இமைக்கும் நேரத்தில் புகைந்துவிடும். அதனால்தான் தண்ணீர் டிரான்சிஸ்டரிடமும், டிரான்சிஸ்டர் ரிலேயிடமும் செய்தியைக் கொடுக்கின்றன.

ஒரு ரூபாய்ச் சாமான்

ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே டயோடு என்ற சிறு பொருளை வைக்க வேண்டும். மிக மலிவான பொருள். அதை விட்டுவிட்டால் பெட்டி நன்றாகவே வேலை செய்வது போலத் தெரியும். சில நாளில் டிரான்சிஸ்டர் செத்துவிடும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடிப் பாருங்கள். 'டம்' என்று குழாய் அதிரும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் உடனே நிற்க மறுக்கிறது. முட்டுகிறது. சுருளில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். டிரான்சிஸ்டர் அதைப் பட்டென்று நிறுத்தினால், ஒரு நொடியின் சிறு பகுதிக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும். 12 வோல்ட்தானே கொடுத்தோம் என்று நாம் நினைப்போம். 45 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் எப்படிப் பிழைக்கும்?

டயோடு ஒருவழிப் பாதை. முட்டி வரும் மின்சாரத்தை அது சுருளுக்குள்ளேயே சுற்ற விட்டு அடங்க வைக்கும். டயோடின் ஒரு முனையில் வெள்ளைக் கோடு இருக்கும். அந்த முனை 12 வோல்ட் பிளஸ் பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் மின்சாரம் முழுவதும் டயோடு வழியாகவே பாயும். ஏதாவது ஒன்று எரியும்.

அக்கா கேட்ட கேள்வி

எங்கள் வகுப்பில் இதைப் படம் போட்டு விளக்கினேன். ஒரு வீட்டில் வேலை செய்யும் அக்கா எழுந்து கேட்டார். "தம்பி, தண்ணிக்குள்ள கம்பியை விடச் சொல்லுதியே. அந்தத் தண்ணியிலதானே நான் பாத்திரம் கழுவணும். ஷாக் அடிக்காதா?"

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெட்டியைச் செய்கிற பிள்ளைகள் பலர் அதைக் கேட்பதில்லை.

அடிக்காது. ஆனால் ஒரு நிபந்தனை. தண்ணீரில் இருப்பது 12 வோல்ட் மட்டுமாக இருக்க வேண்டும். அந்த 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியாக வந்ததாக இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் இரண்டு தனித்தனிச் சுருள்கள். 230 வோல்ட் ஒரு சுருளில். 12 வோல்ட் இன்னொரு சுருளில். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை. காந்தம் வழியாகத்தான் சக்தி தாண்டுகிறது. ரிலேயிலும் அதே கதை. சுருள் ஒரு பக்கம், சுவிட்ச் மறுபக்கம். நடுவே இடைவெளி. டிரான்ஸ்பார்மர் ஒரு மதில், ரிலே இன்னொரு மதில். இரண்டு மதில்களும் இருக்கும்வரை மோட்டாரின் 230 வோல்ட் தொட்டித் தண்ணீருக்கு வராது.

சிலர் செலவைக் குறைக்க டிரான்ஸ்பார்மரை எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டை நேராகவே 12 ஆகக் குறைக்கிறார்கள். மீட்டரில் அளந்தால் 12 என்றே காட்டும். ஆனால் மதில் இல்லை. வீட்டு மின்சாரத்தின் கம்பியே தொட்டிக்குள் இறங்கிவிட்டது. பாத்திரம் கழுவும் கை அந்தக் கம்பியைத் தொடுவது போலத்தான். இந்தப் பெட்டியைச் செய்தவரிடமும் விற்றவரிடமும் தயங்காமல் கேளுங்கள். "டிரான்ஸ்பார்மர் இருக்கா?" பதில் சரியாக வரவில்லை என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

மதில் பலகையிலும் வேண்டும். ரிலேயின் சுவிட்ச் பக்கம் வரும் 230 வோல்ட் கம்பிக்கும் 12 வோல்ட் கம்பிக்கும் குறைந்தது ஒரு விரல் அகலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மழைச்சாரல் படாத இடத்தில் மாட்டுங்கள். ஜூன் மாதம் மழை தொடங்கினால் நம் ஊரில் சுவர்கூட ஈரமாகிவிடும்.

இன்னொரு விஷயம். ஃபியூஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் 5000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் எரியும். மனித உடம்பு வழியாக 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். ஃபியூஸ் கம்பியையும் வீட்டையும் தீயில் இருந்து காக்கும். மனிதரைக் காக்காது. மனிதரைக் காப்பது இ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் கருவி. இப்போது ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் விற்கிறார்கள். வீட்டுக்கு வைப்பதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அவ்வளவு மின்சாரம் வழி தவறி உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ போனால் அது உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஒரு சின்ன ரிலேயின் தகட்டை அசைக்க வேண்டிய அதே 30! அந்தக் கருவியில் 'டி' என்று எழுதிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கருவி விழுந்தால் நல்லது. விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

230 வோல்ட் பக்கம் கம்பி இணைக்கும் வேலை பிள்ளைகளுக்கு வேண்டாம். 12 வோல்ட் பக்கத்தை அவர்கள் செய்யட்டும். ஈயம் பற்றவைத்துப் பழகட்டும். மோட்டார் பக்கத்தை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். அவர் இன்னொன்றும் செய்வார். சின்ன ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் மோட்டாரை அதில் நேராக மாட்டமாட்டார். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ரிலேக்குள் பொறி பறக்கும். சுவிட்சின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. அதனால் சின்ன ரிலே காண்டாக்டர் என்ற பெரிய ரிலேயை இயக்கும். காண்டாக்டர் மோட்டாரை இயக்கும். மறுபடியும் பை கை மாறுகிறது.

அலை அடித்தால்?

தண்ணீர் மேல்கம்பியைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறது. ஒருவர் கை கழுவுகிறார். தண்ணீர் ஒரு விரல் கீழே இறங்குகிறது. உடனே மோட்டார் ஓடுகிறது. அரை நிமிடத்தில் மறுபடி நிற்கிறது. தண்ணீரில் அலை அடித்தால் ரிலே 'கட கட' என்று துடிக்கும். மோட்டாருக்கு இது கேடு.

இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. தொட்டியின் பாதி உயரத்தில் மூன்றாவது கம்பி ஒன்றைத் தொங்க விடுவார்கள். ரிலேயில் இரண்டு ஜோடிச் சுவிட்ச் உள்ளதை வாங்குவார்கள். ஒரு ஜோடி மோட்டாருக்கு. இன்னொரு ஜோடி அந்தப் பாதிக் கம்பியை டிரான்சிஸ்டரோடு சேர்ப்பதற்கு. தண்ணீர் உச்சியைத் தொட்டு ரிலே இழுத்ததும் பாதிக் கம்பியும் சேர்ந்துகொள்ளும். இனி உச்சிக் கம்பி காய்ந்தாலும் ரிலே விடாது. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் விடும். அப்போது மோட்டார் ஓடத் தொடங்கும். ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தொட்டிக்குள் விடும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். செம்பாக இருந்தால் பிளஸ் பக்கக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துபோகும். பச்சை படியும். குடிக்கிற தண்ணீர் அல்லவா?

மேல்கம்பி எங்காவது அறுந்துபோனால் என்ன ஆகும்? தொட்டி நிரம்பிய செய்தி வராது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பழையபடி தண்ணீர் வழியும். அதனால் பெட்டி வைத்த பிறகும் எப்போதாவது மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கிணற்றுப் பக்கம் இதைவிடக் கவனம் வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிணறு வற்றும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் உள்ளே இருக்கும் சீல் சூடாகிக் கருகும். அதற்குக் கிணற்றில் இரண்டு கம்பிகளை இறக்கி, இதே போல இன்னொரு ரிலே வைப்பார்கள். தண்ணீர் தொட்டால் ரிலே இழுக்கும். ரிலே இழுத்தால்தான் மோட்டாருக்கு வழி திறக்கும். இங்கே கம்பி அறுந்தாலும் மோட்டார் நின்றுதான் போகும். மேலே தொட்டி காலியாகக் கிடந்தாலும் அந்தக் கம்பி மறுபடி நனையும்வரை மோட்டார் ஓடாது.